புல்லில் ஒளித்த கால்கள்

முதல் பருவத்தில் நான் வரைந்த விலங்குகள் எல்லாம்
புல்லில்தான் நின்றன.
முயல், நரி, குதிரை,
குன்னூர் மார்க்கெட்டில்
கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆடும்கூட.
சிமெண்டில் புல் எப்படி முளைத்தது என்று
யாரும் கேட்கவில்லை, விமர்சன வகுப்பு வரும்வரை.

பெள்ளிராஜ் என் ஒன்பது படங்களையும்
சுவரில் வரிசையாக ஒட்டினான்.
"உனக்குக் கால் வரைய வராது" என்றான்.
டீ குடிக்கப் போய்விட்டான்.

ஈரத்தின் மேல் ஈரம் வைப்பது
இந்த ஊரில் பாடம் இல்லை, வானிலை.
நனைத்த தாளில் இண்டிகோவைத் தொட்டு வைத்தால்
தன் பாட்டுக்குப் பரவும்.
காய்வதுதான் கிடையாது.
காலையில் பூசியது
சாயங்காலம் பஸ்ஸிலும் விரலில் ஒட்டும்.
ஒரு ஹேர் டிரையருக்கு ஐந்து பேர் வரிசை.
கரண்ட் போன நாளில் ஜெனிலா
மெஸ்ஸில் இட்லிப் பானை மூடிமேல் தன் படத்தை விரித்தாள்.
அப்பளம்போல் வளைந்து வந்தது.
நான் ஓரத்து டேப்பை உரித்தேன்,
பாதி வானம் அதோடு வந்துவிட்டது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்:
நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை,
விட்டுவைப்பது.
எழுதியதோடு சரி.
கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்னும் வீட்டில் பிறந்தவளுக்கு
தாளில் மிச்சம் வைக்கக் கை வராது.

நிப்பு பழக ஒரு தேயிலைச் சரிவை எடுத்தேன்.
கோட்டின் மேல் கோடு, குறுக்கே கோடு,
மூன்று இரவு, மணிக்கட்டு வீங்கியது.
அக்கா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள்.
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"ஆள் நடக்க எங்கடி இடம்?"

கடைசிப் பருவத்துக்குப் பதினாறு பக்கக் குழந்தைப் புத்தகம்.
பேக்கரிக்கு பன் வாங்க வரும் ஒரு காட்டுமாட்டின் கதை.
முதல் பக்கத்திலேயே அது ரோட்டில் நிற்க வேண்டும்.
தாரில் புல் வைக்க முடியாது.
முட்டிவரை மூடுபனி வைத்தேன்.
"பனியும் ஒரு புல்தான்" என்றான் பெள்ளிராஜ்.

அந்த வாரம் பெட்ஃபோர்டில்,
இரவு ஒன்பது இருக்கும்,
ஏடிஎம்முக்குள் இருந்தேன்.
திரும்பினால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அது.
மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது.
போகவில்லை.
எனக்கும் போக வழியில்லை.

பையில் பேனா இருந்தது, தாள் இல்லை.
மெஷினிடம் இருப்பு கேட்டேன்.
ஒரு சீட்டு தந்தது: இருநூற்றுப் பதினான்கு ரூபாய் அறுபது காசு.
மறுபடி கேட்டேன்.
மறுபடியும் அதே இருநூற்றுப் பதினான்கு.
நாலு முறை கேட்டேன், பின்பக்கத்துக்காக.

முன்னங்கால் முட்டி
நான் இரண்டு வருடமாய் நினைத்திருந்த இடத்தில் இல்லை.
அவ்வளவு பெரிய உடம்புக்கு
குளம்பு இவ்வளவு சின்னதா என்று இருந்தது.
முட்டிக்குக் கீழே நாலு காலும் வெள்ளை,
யாரோ டேப் ஒட்டி மறைத்துவிட்டு
மற்றதையெல்லாம் கறுப்பாய்ப் பூசியதுபோல.

காவல்காரர் வந்து டார்ச் அடித்தார்.
அது அவசரமே இல்லாமல்
சாக்கடையைத் தாண்டி இறங்கிப் போனது.

அறைக்கு வந்து
ரோட்டைப் பூசினேன், ஈரத் தாரை,
ஏடிஎம்மின் நீல வெளிச்சத்தை, ஒரு பான் மசாலாக் கவரை.
மாட்டின் உடம்பைக் கடைசியில்.
கால்களைத் தொடவில்லை.
தொடாமல் இருக்கத்தான் இரண்டு மணிநேரம் ஆனது,
இடையில் இருமுறை பிரஷைக் கீழே வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

காய ஒன்றரை நாள்.

பெள்ளிராஜ் சுவரில் ஒட்டினான்.
குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.
"வலது பின்னங்கால் கொஞ்சம் குட்டை."

"அந்தக் காலில் அது நிற்கவில்லை" என்றேன்.